இரண்டு ஏக்கர் செம்பனையில் புதரும் களையும்: மருந்தைக் குறைத்து அடித்த விவரம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் டவுனிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் குடும்பத்துக்கு இரண்டு ஏக்கர் செம்பனை இருக்கிறது. அப்பா இருந்தவரை மரத்தடி பளிச்சென்று இருக்கும். அவருக்குப் பிறகு யாரும் ஒழுங்காகக் கவனிக்கவில்லை. குலை வெட்ட வருகிறவர்கள் மரத்தை நெருங்குவதற்கே பாராங் கத்தியை வீசிக்கொண்டு போக வேண்டிய நிலை. உதிரிப் பழம் புதருக்குள் விழுந்து முளைத்து, அதுவே ஒரு களையாகிவிட்டது. இந்த வருஷம் நானும் அக்கா மகனும் சேர்ந்து நிலத்தை மீட்டோம். அதில் மருந்து எங்கே தேவைப்பட்டது, எங்கே தேவைப்படவில்லை, உடம்பில் படாமல் எப்படி அடித்தோம் என்பதை எழுதி வைக்கிறேன்.

முதலில் மருந்துக் கடைக்குப் போகவில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாக நடந்தோம். எது எங்கே முளைத்திருக்கிறது என்று தெரியாமல் வாங்கும் மருந்தில் பாதி வீண். வீணாகிற பாதியும் நம் தோல் வழியாகவோ வாய்க்கால் வழியாகவோதான் போகும்.

எங்கள் நிலத்தில் இருந்தவற்றை மூன்று கூட்டமாகப் பிரிக்கலாம். கட்டைத் தண்டுள்ள புதர்கள் ஒன்று: செண்டுடுக், இலையெல்லாம் மயிராக இருக்கும் செண்டுடுக் பூலு, உண்ணிச்செடி, எல்லோரும் காப்பால் தெர்பாங் என்று சொல்லும் செடி. இரண்டாவது, அகன்ற இலைக் களை: மரத்தின் மேலேயே ஏறிப் போர்த்திக்கொள்ளும் மிக்கானியா கொடி, வெள்ளைப் பூப் பூக்கும் ரும்புட் இஸ்ரேல். மூன்றாவது கூட்டத்தை நான் களை என்றே எழுதவில்லை. வரிசைக்கு இடையில் இருக்கும் மென்மையான நெப்ரோலெபிஸ் பெரணியும், சரிவில் மண்ணைப் பிடித்து வைத்திருக்கும் குட்டைப் புல்லும்தான் அது. பெரணி மண்ணின் ஈரத்தைக் காக்கும், செம்பனைப் புழுக்களைத் தின்னும் நல்ல பூச்சிகளுக்கு இருப்பிடம் கொடுக்கும். பெரிய தோட்டங்களே அதை விட்டுவைக்கின்றன. நிலம் மொட்டையாக இருந்தால்தான் சுத்தம் என்ற பழைய எண்ணம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. பேராக் மழைக்கு மொட்டைச் சரிவு தாங்காது, மேல்மண் எல்லாம் வாய்க்காலுக்குப் போய்விடும்.

அடுத்து ஒரு கணக்கு. இரண்டு ஏக்கர் என்பது 0.81 ஹெக்டர். 9 மீட்டர் முக்கோண நடவில் சுமார் 115 மரம் நிற்கும். மரத்தைச் சுற்றி 2 மீட்டர் வட்டம் மட்டும் சுத்தமாக இருந்தால் போதும், உதிரிப் பழம் பொறுக்க அது தாராளம். ஒரு வட்டம் பன்னிரண்டரைச் சதுர மீட்டர். 115 வட்டத்துக்கு ஏறக்குறைய 1,450. இரண்டு வரிசைக்கு ஒரு நடைபாதை, அகலம் 1.2 மீட்டர் என்று வைத்தால் இன்னும் 600 சதுர மீட்டர் சொச்சம். மொத்தம் 2,000 சதுர மீட்டரைத்தான் கொஞ்சம் தாண்டுகிறது. நிலத்தில் கால்வாசி! மீதி முக்கால்வாசியில் பரவலாக மருந்து அடிக்கவே வேண்டாம். எந்த கையுறையும் முகக்கவசமும் தராத பாதுகாப்பை இந்தக் கணக்கு தருகிறது.

ரும்புட் இஸ்ரேலுக்கு இன்னொரு வழியும் கிடைத்தது. பக்கத்து நிலத்து அண்ணன் ஆடு வளர்க்கிறார். ஆடுகளுக்கு அந்தச் செடி நல்ல தீனி. மருந்து அடிப்பதற்கு முன்பே ஆடுகளை உள்ளே விட்டு மேய்த்தோம். மரத்தில் ஏறியிருந்த மிக்கானியாவைக் கையால் இழுத்துச் சுருட்டி, வெயில் படும் இடத்தில் மட்டைக் குவியலின் மேல் போட்டோம். இதைத் தரையில் போடக் கூடாது. தண்டில் கணு இருக்கிற ஒவ்வொரு துண்டும் ஈர மண் பட்டால் வேர் விடும். புல்வெட்டி இயந்திரத்தால் மிக்கானியாவை அடித்துத் தூளாக்குவது அதை விதைப்பதற்குச் சமம்.

கடையும் லேபிளும்

மலேசியாவில் விற்கும் ஒவ்வொரு ராச்சுனும் (களை, பூச்சி மருந்தும்) 1974-ஆம் ஆண்டுச் சட்டப்படி பூச்சிக்கொல்லி வாரியத்தில் பதிவாகியிருக்க வேண்டும். குப்பியில் பதிவு எண், மூலப்பொருளின் பெயர், நச்சு வகுப்பு, எந்தப் பயிருக்கு எவ்வளவு என்பதெல்லாம் இருக்கும். நான் கடையில் பிராண்டு பெயர் சொல்லிக் கேட்பதில்லை, மூலப்பொருளைச் சொல்லித்தான் கேட்கிறேன். கிளைபோசேட் என்ற ஒரே களைக்கொல்லி பத்துப் பெயரில் வருகிறது. பழைய மினரல் வாட்டர் போத்தலில் ஊற்றி, ‘இது நல்ல மருந்து, மலிவு’ என்று யாராவது கொடுத்தால் தயவுசெய்து வாங்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, ஏதாவது ஆகி ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டருக்கும் தெரியாது. அதைவிட, தாகத்தில் ஒரு பிள்ளை அதை எடுத்துக் குடித்துவிடும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அம்மா பல வருஷம் தோட்டத்தில் மருந்தடிக்கும் கும்பலில் வேலை செய்தவர். அந்தக் காலத்தில் பாராகுவாட் என்ற களைக்கொல்லிதான். கையுறை கிடையாது, முகத்தில் ஒரு துண்டு. அந்தத் துண்டே மருந்தில் நனைந்து மூக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். நகம் கறுத்து உரிந்ததையும், மூக்கில் ரத்தம் வந்ததையும் அம்மா இன்றும் சொல்வார். பாராகுவாட்டுக்கு மாற்று மருந்து கிடையாது, ஒரு வாய் உள்ளே போனால் நுரையீரல் கெட்டு ஆள் போய்விடும். பெண்கள், தொழிலாளர்களின் உரிமைக்காக இயங்கும் தெனாகானிதா அமைப்பு மருந்தடிக்கும் தோட்டப் பெண்களின் நிலையை ஆய்ந்து 2002-இல் வெளியிட்டது. அதே ஆண்டில் அரசு பாராகுவாட்டுக்குத் தடை அறிவித்தது, 2006-இல் அந்தத் தடையைத் தளர்த்தியது, கடைசியில் 2020 ஜனவரி 1 முதல் முழுத் தடை வந்தது. ஆனால் பழைய வீடுகளின் ஸ்டோரில் குப்பி இன்னும் கிடக்கலாம். அகப்பட்டால் திறக்காதீர்கள், லோங்காங்கில் (சாக்கடையில்) ஊற்றாதீர்கள், வேறு குப்பிக்கும் மாற்றாதீர்கள். பூட்டி வைத்துவிட்டு விவசாய இலாகாவிடம் சொல்லுங்கள்.

நாங்கள் வாங்கியவை மூன்று. வட்டத்துக்கும் பாதைக்கும் கிளைபோசேட். வெட்டிய புதர்க் கட்டைகளுக்கு டிரைக்ளோபிர். சரிவில் புல்லோடு கலந்து நின்ற அகன்ற இலைக் களைக்கு ஃப்ளூராக்சிபிர்.

கிளைபோசேட் இலை வழியாகப் போய் வேர்வரை இறங்கும், பச்சையாக எது இருந்தாலும் கொல்லும். 1974-இல் அது முதன்முதலில் விற்பனைக்கு வந்த நாடுகளில் மலேசியாவும் ஒன்று, நம் பால்மரக் காட்டுக்குத்தான் வந்தது. 2015-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதை ‘அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும்’ என்ற வகையில் சேர்த்தது. அமெரிக்கா போன்ற நாடுகளின் கட்டுப்பாட்டு அமைப்புகள் அப்படிச் சொல்லவில்லை. இந்த விவாதம் எப்படி முடிந்தாலும், தோலிலும் மூச்சிலும் படாமல் அடிப்பது என் கையில் இருக்கிறது. நான் அதைச் செய்கிறேன்.

டிரைக்ளோபிரும் ஃப்ளூராக்சிபிரும் வேறு மாதிரி. செடியின் வளர்ச்சிச் சுரப்பைப் போல நடித்து, அகன்ற இலைச் செடியைத் தாறுமாறாக வளரவிட்டுக் கொல்லும். புல்லுக்கு அவ்வளவாகச் சேதம் இல்லை. அதனால்தான் சரிவில் புல்லைக் காப்பாற்ற முடிந்தது. மெட்சல்ஃபியூரானையும் கடைக்காரர் எடுத்துக் காட்டினார். அகன்ற இலைக்கு நல்ல மருந்துதான். ஆனால் பெரணியையும் சேர்த்துக் கொல்லும். பெரணி எனக்கு வேண்டும், அதனால் வாங்கவில்லை.

பாதையில் நின்ற கட்டைப் புல்லுக்கு (ஆங்கிலத்தில் கூஸ்கிராஸ்) மருந்தே இல்லை, மண்வெட்டிதான். இந்தப் புல்லில் கிளைபோசேட்டுக்குச் சாகாத வகை தெலுக் இந்தானில் 1997-லேயே பதிவாகிவிட்டது. ஒரே மருந்தை வருஷக் கணக்கில் அடித்தால் இப்படித்தான் ஆகும். சாகாத செடிக்கு மேலும் மேலும் கூட்டி அடிப்பது அர்த்தமில்லாத வேலை.

உடுப்பு

நைட்ரில் கையுறை வாங்குங்கள், விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. டிரைக்ளோபிரை டீசலில் கலப்போம், சாதாரண லேடெக்ஸ் கையுறை டீசல் பட்டால் ஊறித் தளர்ந்துவிடும். துணிக் கையுறை வெறுங்கையைவிட மோசம், மருந்தை உறிஞ்சித் தோலோடு ஒட்டி வைத்துக்கொள்ளும். ரப்பர் பூட்ஸ் போட்டால் காற்சட்டை பூட்ஸுக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளே செருகினால் வழிந்து வரும் மருந்து நேராகப் பாதத்துக்கு இறங்கும். கீழ்நோக்கி அடிக்கும்போது சட்டைக் கையும் அப்படித்தான், கையுறைக்கு மேலே வர வேண்டும்.

அதிக ஆபத்து அடிக்கும்போது இல்லை, கலக்கும்போதுதான். அப்போது கையில் இருப்பது தண்ணீர் கலக்காத கெட்டி மருந்து. அதற்கு மட்டும் முகக்கவசமும் ஏப்ரனும் கட்டாயம். கலக்கும் இடத்தில் ஒரு தோம்பு சுத்தமான தண்ணீர், சவர்க்காரம், மாற்று உடுப்பு எல்லாம் முன்பே வைத்தோம். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிஷம் கழுவ வேண்டும், பக்கத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் அந்த நேரம் ஓடுவதிலேயே போய்விடும். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், லேபிளோடு உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். பினாங்கில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் 1994 முதல் தேசிய நச்சு மையம் இருக்கிறது. அதன் எண்ணை ஸ்டோர் கதவில் ஒட்டியிருக்கிறோம்.

பம்பும் அளவும்

பழைய பம்பில் வெறும் தண்ணீர் ஊற்றி முதுகில் மாட்டிக் கொஞ்ச நேரம் நடந்து பார்த்தோம். மூடி வாஷர் தேய்ந்திருந்தால் முதுகு நனையும். தோட்டத்து ஆட்கள் மருந்தில் நனைவது பெரும்பாலும் இப்படித்தான். வாஷரை மாற்றிய பிறகுதான் மருந்துப் பக்கம் போனோம். பூச்சிக்கு அடிக்கும் கூம்பு நாசிலைக் கழற்றிவிட்டு, களைக்கு உரிய தட்டை நாசிலைப் போட்டோம். அழுத்தத்தையும் குறைத்தோம். துளி பெரிதாக விழுந்தால் காற்றில் பறக்காது.

அளவுக்கு வருவோம். 10 மீட்டருக்கு 10 மீட்டர் கயிறு கட்டி, வெறும் தண்ணீரை வழக்கமான நடையில் அடித்தோம். நாலரை லிட்டர் செலவானது. 100 சதுர மீட்டருக்கு 4.5 என்றால் ஹெக்டருக்கு 450 லிட்டர். லேபிள் ஹெக்டருக்கு 3 லிட்டர் மருந்து என்று சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 6.7 மில்லி, 16 லிட்டர் பம்புக்கு சுமார் 107 மில்லி. நம் 0.2 ஹெக்டருக்கு 90 லிட்டர் கலவை, அதாவது ஆறு பம்புக்கும் குறைவு. மருந்து 600 மில்லி. இரண்டு ஏக்கரையும் முழுசாக அடித்தால் இரண்டரை லிட்டர் கிட்டப் போயிருக்கும். ஒவ்வொருவர் நடையும் வேறு, அதனால் இந்தச் சோதனையை அடிக்கப்போகிற ஆளே செய்ய வேண்டும். அக்கா மகன் என்னைவிட வேகமாக நடப்பான், அவன் கணக்கு வேறாக வந்தது.

பக்கத்து அண்ணன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார்: “கெட்டியா கலந்து அடிச்சாத்தானே தம்பி வேரோட சாகும்?”

“இல்லண்ணே. கெட்டியா அடிச்சா இலை சீக்கிரமே கருகிடும். கருகின இலை மருந்த வேருக்கு அனுப்பாது. ஒரு மாசத்துல திரும்பத் துளிர்க்கும்.”

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. சரி, பார்க்கலாம் என்று போய்விட்டார்.

தண்ணீரும் முக்கியம். வாய்க்காலில் கலங்கிய தண்ணீரை மொண்டு கிளைபோசேட் கலக்கிறவர்கள் நிறைய பேர். சேற்றின் களிமண் அந்த மருந்தைப் பிடித்துக்கொள்ளும், செடிக்குப் போய்ச் சேருவது குறைந்துவிடும். நாங்கள் பைப் தண்ணீரைத் தோம்பில் கொண்டு போனோம். பம்பில் பாதி தண்ணீர், பிறகு மருந்து, பிறகு மீதித் தண்ணீர். இந்த வரிசையில் ஊற்றினால் நுரைத்துப் பொங்காது.

கட்டைக்குப் பூச்சு

புதரைப் பம்பால் அடிக்கவே இல்லை. ஆள் உயரச் செண்டுடுக்கின் மேல் அடித்தால் பாதி மருந்து அடிக்கிறவன் முகத்துக்குத்தான் வரும். அதற்குப் பதில் பாராங்கால் தரையோடு ஒட்ட வெட்டி, கட்டையில் சின்னத் தூரிகையால் பூசினோம். டிரைக்ளோபிரை டீசலில் லேபிள் சொன்ன விகிதத்தில் கலந்து, வெட்டு முகத்திலும் பட்டையின் பக்கத்திலும் தரைவரை தடவ வேண்டும். எண்ணெய்க் கலவை பட்டைக்குள் ஊடுருவும். தண்ணீர்க் கலவையான கிளைபோசேட்டைக் கட்டைக்குப் பூசுவதானால் வெட்டிய சில நிமிஷத்துக்குள் பூசிவிட வேண்டும், காய்ந்த பிறகு உறிஞ்சாது. பெரிய கட்டையில் நடுவே ஊற்றுவதில் பயன் இல்லை. உயிருள்ள பாகம் பட்டைக்கு அடியில் இருக்கும் மெல்லிய வளையம்தான்.

ஒருவர் வெட்ட, பின்னாலேயே மற்றவர் பூசினோம். பூசியதற்கு அடையாளமாக வெட்டிய கிளை ஒன்றைக் கட்டையின் பக்கத்தில் நட்டோம். டீசல் என்பதால் சிகரெட் யாரும் கிட்டே கொண்டு வரக்கூடாது. அரைத் தகர டப்பாவுக்கும் குறைவான கலவையில் இத்தனை புதரும் முடிந்தது எனக்கே மகிழ்ச்சியாக இருந்தது. விரல் தடிமனுக்குக் குறைந்த கன்றுகளை மழை பெய்த மறுநாள் கையால் பிடுங்கினோம், ஈர மண்ணில் வேரோடு வந்துவிடும்.

வாய்க்கால் ஓரம் மட்டும் எந்த மருந்தும் இல்லை. டிரைக்ளோபிரின் எஸ்டர் வகை மீனுக்குக் கடும் நஞ்சு. கிளைபோசேட்டில் ஒட்டுவதற்குச் சேர்க்கும் சவர்க்காரப் பொருள் தவளைக் குஞ்சுகளுக்கு ஆகாது. அந்த வாய்க்காலில் கீழ்ப்பக்கத்துப் பிள்ளைகள் மீன் பிடிக்கிறார்கள். அங்கே வெட்டினோம், பிடுங்கினோம், அவ்வளவுதான். எல்லையில் இருக்கும் பப்பாளி, மிளகாய்ப் பாத்திப் பக்கமும் அப்படியே. இந்த மருந்துகளில் ஒரு துளி பறந்து பட்டாலும் பப்பாளி இலை சுருண்டுவிடும்.

அடித்த காலை

குலை வெட்டி, உதிரிப் பழத்தையெல்லாம் பொறுக்கி முடித்த மறுநாளைத் தேர்ந்தெடுத்தோம். இது எங்கள் ஊர் ஆட்கள் கட்டாயம் கவனிக்க வேண்டிய விஷயம். மரத்தடி வட்டத்தில் மருந்து அடித்த கையோடு, அங்கேயே ஒரு அக்கா குனிந்து வெறுங்கையால் உதிரி பொறுக்குவார். வெட்டு முடிந்ததும் அடித்துவிட்டால் அடுத்த சுற்றுக்கு நாள் இருக்கும். பாதை முகப்பில் மலாயிலும் தமிழிலும் ‘மருந்து அடித்திருக்கிறது, உள்ளே வராதீர்’ என்று அட்டை கட்டினோம். ஆட்டுக்காரரிடமும் நேரில் போய்ச் சொன்னோம்.

பனி காய்ந்த பிறகு தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் முடித்தோம். காற்று அறவே அசையாத விடியற்காலை நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். அப்போது நுண்துளிகள் தரைக்கு இறங்காமல் அப்படியே மிதந்து நினைத்த இடத்துக்கு நகரும். இலை லேசாக ஆடும் காற்றுதான் நல்லது, எந்தத் திசைக்குப் போகிறது என்றாவது தெரியும். காற்றுக்கு முதுகைக் காட்டி, அடித்த இடத்துக்குள் திரும்ப நடக்காமல், பின்னோக்கிப் போய்க்கொண்டே அடித்தோம். பத்து மணிக்கு மேல் அந்த உடுப்பில் நிற்க முடியாது. வியர்வை வந்தால் ஆட்கள் கையுறையைக் கழற்றுவார்கள், முகத்தைத் துடைப்பார்கள். அதனால்தான் நேரத்தைச் சுருக்க வேண்டும். சிறு தோட்டக்காரர்கள் கூலிக்கு ஆள் வைத்தாலும் இதே விதிதான்: கையுறையும் பூட்ஸும் நாம் கொடுக்க வேண்டும், கர்ப்பிணியையோ பால் கொடுக்கும் தாயையோ அந்த வேலைக்கு விடக் கூடாது. செம்பனைத் தோட்டங்களுக்குச் சான்று தரும் ஆர்எஸ்பிஓ அமைப்பின் விதியே அப்படிச் சொல்கிறது.

நாசில் அடைத்தால் வாயால் ஊதக் கூடாது. பழைய பல் தூரிகை ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருந்தோம். கிளைபோசேட் உறிஞ்சப்பட ஆறு மணி நேரமாவது மழை வரக்கூடாது. பேராக்கில் மதிய மழை வழக்கம் என்பதால் வானத்தைப் பார்த்துத்தான் நாளே குறித்தோம்.

முடிந்ததும் காலிக் குப்பியில் கால் பாகம் தண்ணீர் ஊற்றி, குலுக்கி, பம்பில் ஊற்றுவதை மூன்று முறை செய்தோம். அந்தக் கழுவல் தண்ணீரையும் அதே வட்டங்களில் அடித்தோம், லோங்காங்குக்குப் போகவில்லை. குப்பியின் அடியில் ஓட்டை போட்டுவிட்டோம், யாரும் எண்ணெய் ஊற்ற எடுத்துப் போக முடியாது. ஃப்ளூராக்சிபிர் அடித்த பம்பில் சிவப்புப் பெயிண்ட் பூசித் தனியாக வைத்திருக்கிறோம். எவ்வளவு கழுவினாலும் அதில் எச்சம் இருக்கும், அதே பம்பால் மிளகாய்க்கு உரம் அடித்தால் செடி போய்விடும். கையுறையைக் கழற்றுவதற்கு முன் சவர்க்காரம் போட்டுக் கழுவினோம். உடுப்பை வீட்டுத் துணியோடு சேர்க்காமல் தனி வாளியில் துவைத்தோம். அடித்துக் காய்ந்த களையை அங்கேயே விட்டோம், காய்கறிப் பாத்திக்கு மூடாக்காக எடுத்து வரவில்லை.

என்ன ஆனது

ஃப்ளூராக்சிபிர் பட்ட மிக்கானியா சில நாளிலேயே முறுக்கிக்கொண்டது. கிளைபோசேட் மெதுவானது, ஒரு வாரம் வரை ஒன்றும் நடக்காத மாதிரி இருந்து, பிறகு மஞ்சளாகி, மூன்றாவது வாரம் பழுப்பாகிவிட்டது. இந்த ஒரு வாரத்தில் பொறுமை போய் இன்னொரு தடவை அடிக்கிறவர்கள்தான் அதிகம். அக்கா மகனும் கேட்டான், நான் விடவில்லை. பூசிய கட்டைகளில் ஒன்றிரண்டு உண்ணிச்செடி மட்டும் பக்கத்தில் துளிர் விட்டது, அவற்றைத் திரும்ப வெட்டிப் பூசினோம். பக்கத்து அண்ணன் வந்து செண்டுடுக் கட்டையை உதைத்துப் பார்த்தார், அது அசைந்துகொடுத்தது. தன் வேலியோரத்துக்கும் அதே மாதிரி பூச ஒரு ஜோடி நைட்ரில் கையுறை எங்கே வாங்கினாய் என்று கேட்டுப் போயிருக்கிறார்.

அம்மா ஒரு நாள் கைத்தடியோடு வந்து பாதையில் நடந்து பார்த்தார். பெரணியை ஏன் விட்டீர்கள் என்று முதலில் கேட்டார், விளக்கினோம், ஏற்றுக்கொண்டார். மரத்தடி வட்டம் அவருக்குப் பிடித்துப்போனது.

அடுத்த சுற்று மூன்று நான்கு மாசம் கழித்து. அப்போது வட்டம் முழுவதையும் அடிக்கப் போவதில்லை, முளைத்த இடத்தை மட்டும் பார்த்து அடித்தால் இரண்டு பம்பில் முடிந்துவிடும் என்று நினைக்கிறேன். அதற்கு முன் ஆடுகளுக்கு ஒரு முறை, பாதையில் மண்வெட்டிக்கு ஒரு முறை. நோட்டுப் புத்தகத்தில் எந்த வட்டத்தில் எந்த மருந்து போனது என்று குறித்திருக்கிறோம், அடுத்த தடவை மூலப்பொருளை மாற்றிக்கொள்ள அது உதவும்.